இருநூறு கஜத்துப் பெருச்சாளி

துப்பாக்கி விற்கும் தொழிலில் துப்பாக்கி கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் தூரம்.

கடைக்கு வருகிறவர்களுக்கு எதைச் சுடவேண்டும் என்பது தெரிந்திருக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டால், விருந்தாளியிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டதுபோல முகம் மாறிவிடும். நாற்பது கஜத்துக்குள் என்றால் பன்னிரண்டு ‘போர்’ குழல் துப்பாக்கியும் ரவை போட்ட தோட்டாவும் போதும். பறவைக்குப் பொடி ரவை, பன்றிக்குப் பெரிய ரவை. நூறு கஜம் வரை சாதாரண ரைபிள், கண் நன்றாக இருந்தால் நூற்றைம்பது. அதற்கு மேலே போனால்தான் ரைபிளின் முதுகில் டெலஸ்கோப் வேண்டும், அதற்கேற்ற குண்டும் வேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம். ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் செருப்புக்கடையிலும் கௌண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய என் சகோதரர்களுக்கு இதற்குள் பாதி புரிந்திருக்கும். வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்று, நடுவில் நாம்.

எங்கள் கடை மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. முதலாளி காசிம் பாய். உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு ஜமீன்தார் ஆர்டர் கொடுத்து, டெலஸ்கோப் பொருத்திய ரைபிள் ஒன்று சீமையிலிருந்து வந்தது. அது கப்பலில் இருக்கும்போதே ஜமீன்தார் காலமாகிவிட்டார். சண்டை நடந்த வருஷங்கள் பூராவும் அது எங்கள் கண்ணாடி அலமாரியில் படுத்திருந்தது. காசிம் பாயின் மைத்துனர் மஜீதுக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விடுவார். கடைசியில் மச்சானும் மைத்துனருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருகிற ரம்ஜான் பெருநாளைக்குள் அந்த ரைபிள் விற்றுவிட்டால் கடை இப்படியே இருக்கும். விற்காவிட்டால் மஜீதின் இரண்டாவது ஜவுளிக்கடை ஆகிவிடும். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத என்னை ஐம்பத்திரண்டு வயதில் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அது விற்காததற்குக் காரணமும் நான்தான் என்றார்கள். நான் தூரம் கேட்கிறேனாம்.

அவர்கள் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஜப்பான்காரனுக்கு என்ன நம்பர்

ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணமே காலியான சமயத்தில் அந்த ரைபிள் முதல் தடவை போயிருக்க வேண்டும். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் வந்தார். மனைவி மக்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டையும் தகப்பனார் காலத்துத் துப்பாக்கியையும் காவல் காத்துக்கொண்டிருந்தார். கொக்குக்கு ஆறாம் நம்பர் ரவை, காடைக்கு எட்டாம் நம்பர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகாய விமானத்துக்கு என்ன நம்பர் என்பதுதான் சந்தேகம். கேட்டுக்கொண்டே வந்தவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். "இது என்ன ஓய், தூரக்கண்ணாடி வெச்ச துப்பாக்கி? இதுன்னா மேகத்துக்குள்ளே இருக்கறவனையும் தேடிப் பிடிச்சுடலாம் போலிருக்கே" என்றார்.

காசிம் பாய் சாவியை எடுத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?" என்று கேட்டேன். மொட்டைமாடிக்கு மேலே என்றார். விமானம் மைல் கணக்கில் உயரத்தில் பறக்கும், அத்தனை வேகத்தில் போவதை டெலஸ்கோப்புக்குள் பிடிக்கவே முடியாது, அவர் வைத்திருக்கும் துப்பாக்கியோ நாற்பது கஜத்துக்குமேல் கொசுவைக்கூட எழுப்பாது என்று விளக்கினேன். வந்த காரியம் முடிந்துவிட்டதுபோல அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நாற்பது கஜத்துக்குள்ளே அவன் வந்துட்டா நான் ஏங்காணும் சுடப்போறேன்? வாங்கோன்னு உள்ளே கூப்பிட்டு உட்காரவெச்சுக் காப்பி கொடுத்துடுவேன்."

கூப்பிடு தூரம்

தியாகராய நகரில் மகன் வீட்டுக்கு வந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவருக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. கரும்பை நாசம் பண்ணுகிறதாம். எவ்வளவு தூரத்தில் வரும் என்று கேட்டேன். "ஒரு கூப்பிடு தூரம்" என்றார். அது எத்தனை கஜம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களை நான் மாடிக்கு அழைத்துப் போவது வழக்கம். மாடியிலிருந்து ஐஸ் டிப்போ நாற்பது கஜம், தோப்புக் கிணற்று ஏற்றம் நூறு கஜம், பள்ளிக்கூடத்து மணி இருநூறு கஜம். நானே நாடா பிடித்து அளந்து வைத்திருக்கிறேன். எது உங்கள் தூரம் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

மிராசுதார் கையை நீட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏய்" என்று ஒரு குரல் கொடுத்தார். ஐஸ் டிப்போவில் ஒருவன் திரும்பினான். ஏற்றத்தில் இருந்தவன் இறங்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன் கையை உயர்த்தி, வருகிறேன் என்று ஜாடை காட்டினான். சாலையில் போன ஒரு ஜட்கா வண்டி நின்றது. இந்தக் கணக்குப்படி அவருக்கு எந்தத் துப்பாக்கியை வேண்டுமானாலும் விற்கலாம். கீழே காசிம் பாய் மறுபடி சாவியைக் கையில் எடுத்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் கரும்புக் கொல்லையில் இருநூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிற பன்றி எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? அது வரப்புக்கு வந்தபிறகுதானே தெரியும்? அவரே ஒப்புக்கொண்டார். பெரிய ரவைத் தோட்டா கொஞ்சம் வாங்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் ஜட்காக்காரன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பட்டணத்துல ஒரு சத்தம் போட்டா ஊரே திரும்புது. எங்க ஊர்ப் பன்னி அப்படித் திரும்பியிருந்தா நான் ஏன் தோட்டா வாங்க வர்றேன்?"

அங்கேயும் கஜம்

மிராசுதார் போன மறுநாள் மஜீத் வந்தார். கையில் நாடா. சுவரை அளந்தார், அலமாரியை அளந்தார், நான் நிற்கிற இடத்தையும் என்னை நகரச் சொல்லாமலே அளந்தார். மனிதர் கெட்டவர் அல்ல. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. எனக்குச் சர்பத் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். "மொதலியாரே, பெருநாள் கிட்டே வந்துடுச்சு. மச்சான் உங்க முகத்துக்காகச் சொல்லாம இருக்கார். வர்றவங்க கிட்டே நீங்க தூரத்தைக் கேக்காம இருந்தா அது எப்பவோ போயிருக்கும். அவங்க வாங்கினப்புறம் கிட்டேயிருந்து சுட்டா என்ன, தூரத்திலேருந்து சுட்டா என்ன?"

வீட்டிலும் இதே பேச்சுதான். "பொய்யா சொல்லச் சொல்றாங்க? சும்மா இருங்கன்னுதானே சொல்றாங்க" என்றாள் என் மனைவி. படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்பது நேர்மையாலா, பயத்தாலா? ஒருவர் தவறான துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்து என்னைத் திட்டிவிடுவாரோ என்கிற பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறேனா? அதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேட்காமல் விற்கப் பார்த்தால் எனக்கு நாக்கு நமநமவென்கிறது. மஜீதிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதீங்க, நம்ம கடையிலேயே இருந்துக்கலாம். இங்கேயும் கஜம், அங்கேயும் கஜம். அங்கே அளக்கறது ஓடாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

பள்ளிக்கூடத்து மணி

பெருநாள் நெருங்க நெருங்க, டெலஸ்கோப் பற்றி விசாரிக்கிற ஒவ்வொருவரையும் நான் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரைபிள் சுடாமல் இருப்பதற்காக அதன் போல்ட்டைக் கழற்றிக் கீழே காசிம் பாயிடம் கொடுத்துவிட்டு, வெறும் குழாயும் கண்ணாடியுமாக எடுத்துப் போவேன். மணல் மூட்டையின்மேல் வைத்து, பள்ளிக்கூடத்து மணியைப் பார்க்கச் சொல்வேன். மணியின் நடுவில் டெலஸ்கோப்பின் குறுக்குக் கம்பி வந்து நிற்கும். மணியின் விளிம்பில் இருக்கிற கீறல்கூடத் தெரியும். பார்த்தவர்கள் எல்லோரும் "ஆஹா" என்றார்கள். வாங்கியவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் படியேறி வந்தார். பிள்ளைகள் இருக்கிற இடத்தைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டியதை, போல்ட் இல்லை, தோட்டா இல்லை என்று எந்த மொழியில் சொன்னாலும் மன்னிப்பார்களா? போலீசுக்குப் போனால் பெருநாள் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். வேர்த்து விறுவிறுத்து விளக்கம் சொன்னேன். இனிமேல் அந்தப் பக்கம் நீட்டவே மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். மணிக்கு என்னிக்காவது ஒரு நாள் ஏதாவது ஆகும், அதைப் பாக்கணும்னு பசங்க ஒருத்தன்கூட லீவு போடறதில்லே. பரீட்சை முடியற வரைக்குமாவது தயவுசெஞ்சு குறி பாத்துக்கிட்டே இருங்க."

நொச்சிக்குப்பத்து ஏழுமலை

இத்தனை பேரில் டெலஸ்கோப் உண்மையிலேயே தேவைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். நொச்சிக்குப்பத்து மீனவர் ஏழுமலை. மாடியில் கண்ணாடி வைத்த குழாய் ஒன்று இருக்கிறது என்று ஜட்காக்காரன் மூலம் செய்தி போயிருக்கிறது. அவருக்கும் அவருடைய தம்பிக்கும் தனித்தனிக் கட்டுமரம். தம்பி கரைக்கு வந்ததும், "இன்னிக்கி ஒண்ணும் படலண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கமாக மீனை இறக்கிவிடுகிறானாம். மரம் கடலில் இருக்கும்போதே வலையில் என்ன இருக்கிறது என்று கரையிலிருந்து பார்த்துவிட வேண்டும்.

"எவ்வளவு தூரம்?" என்றேன், பழக்கதோஷம். "ஒரு மைலு கீது நைனா" என்றார். எத்தனையோ வருஷமாக இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷத்தில் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் சங்கடம் புரிந்தது. டெலஸ்கோப்பைத் தனியாகக் கொடுக்கக் காசிம் பாய் சம்மதிக்கமாட்டார். அதைக் கழற்றிவிட்டால் அந்த ரைபிளை அப்புறம் யார் வாங்குவார்கள்? ஜோடியாகக் கொடுக்கலாம்; ஆனால் ரைபிளுக்கு லைசென்சு வேண்டும். தம்பியை வேவு பார்ப்பதற்கு எந்தக் கமிஷனர் லைசென்சு கொடுப்பார்? இதையெல்லாம் நான் மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னேன். ஏழுமலை பொறுமையாகக் கேட்டார். எல்லாம் புரிந்துவிட்டதாகத் தலையாட்டிவிட்டு, ஒரு வழி சொன்னார்.

"இன்னாத்துக்கு நைனா இம்மாம் ரோதன? துப்பாக்கி உன் கையிலயே இருக்கட்டும். கண்ணாடி என் கையில இருக்கட்டும். ரெண்டு பேரும் கரையில குந்திக்கினு, நான் பாக்கறேன், நீ சுடு."

புலியும் காடையும்

பெருநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது ரைபிள் விற்றேவிட்டது என்று நினைத்தோம். தியாகராய நகரில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர், லைசென்சு எல்லாம் உள்ளவர், எங்கள் பழைய வாடிக்கை. அடிக்கடி சேர்வராயன் மலைப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர். வந்தார், பார்த்தார், நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். காசிம் பாய் அன்று என்னோடு இரண்டாவது தடவை டீ குடித்தார்.

மறுநாள் வந்தது ஆள் அல்ல, அவருடைய மனைவி. கடைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கவலை. "உங்களை ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். அவர் போன தடவை நூறு கஜத்துல நின்னு புலியைச் சுட்டேன்னு சொல்றார். அதுக்கு முன்னாடியும் ஒரு புலி. எனக்குத் தூக்கமே வரலே. அவர் உங்ககிட்டே என்ன தோட்டா வாங்கறார்? அதை வெச்சு எவ்வளவு கிட்டத்துல நிக்கணும்?"

இந்த மாதிரிக் கேள்வியை என்னிடமா கேட்பது? அலமாரியைப் பார்த்தேன். காசிம் பாயைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அந்த அம்மாளின் கண்ணில் இருந்தது நிஜமான பயம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அவர் எப்போதும் வாங்குவது எட்டாம் நம்பர் பொடி ரவை, அது காடைக்கு மட்டும்தான் ஆகும், அதை நம்பிப் புலி இருக்கிற ஜில்லாவுக்கே ஒருவரும் போகமாட்டார், அவர் உயிருக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கு மூச்சு திரும்பி வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியில் இருந்த டெலஸ்கோப்பை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"அப்ப இது அவருக்கு வேண்டாங்க. இதுக்குள்ளே பாத்தா அது காடைன்னு அவருக்கே தெரிஞ்சிடும்."

இருநூறு கஜம்

அதற்குப் பிறகு காசிம் பாய் என்னோடு டீ குடிக்கவில்லை. மஜீதின் ஆட்கள் பலகைகளைக் கொண்டுவந்து பின்கட்டில் சாய்த்து வைத்துவிட்டார்கள். நான் பழைய தோட்டாப் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அடையாற்றிலிருந்து ரிட்டையர்டு ஜட்ஜ் ஒருவர் வந்தார். ஆற்றங்கரை பங்களா, பெரிய தோட்டம், ஓய்வுகாலத்தில் சேனைக்கிழங்கு போட்டிருக்கிறார். பெருச்சாளிகள் கிழங்கைத் தோண்டித் தின்கின்றன. கண்ணாடி வைத்த அந்த ரைபிள்தான் வேண்டும்; லைசென்சும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே, "இருநூறு கஜம்" என்றார். எனக்குப் புரியவில்லை. "நீர் அதைத்தான் முதல்ல கேப்பீராமே? கிளப்பில் சொன்னா. அதான் நானே நாடாவைப் பிடிச்சு அளந்துண்டு வந்துட்டேன். என் வராந்தாவிலேருந்து ஆற்றங்கரை, தம்படி குறையாம இருநூறு கஜம்" என்றார். அளந்துகொண்டு வந்தவர்! என் தொழிலில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. இருநூறு கஜத்துக்கு டெலஸ்கோப் இல்லாமல் பெருச்சாளியைப் பார்க்கவே முடியாது. மனம் நிறைந்து சம்மதித்தேன். எலிக்கு அந்தக் குண்டு மிகவும் அதிகம் என்பது ஒரு பக்கம் உறுத்தியது. எனவே கடமையாக இன்னொன்றும் கேட்டேன். குண்டு குறி தவறினால் வெகுதூரம் போகும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றேன். ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஆத்தைத் தாண்டி நேரே போனா சைதாப்பேட்டைக் கோர்ட்டு. அங்கே நான் முன்சீப்பா உட்கார்ந்திருக்கேன். அங்கே எதுவும் சீக்கிரம் போய்ச் சேராது."

ஆனாலும் ஆற்றங்கரை மேட்டை மண்போட்டு உயர்த்தச் சொல்லிவிட்டுத்தான் ரைபிளைக் கொடுத்தேன்.

கேள்வியில் பிழை

ஒரு வாரம் நாங்கள் ராஜாக்களாக இருந்தோம். காசிம் பாய் காலி அலமாரியைத் தானே துடைத்தார். பின்கட்டுப் பலகைகளை எடுத்துப் போக மஜீத் ஆட்களோடு வந்த தினம், ஜட்ஜின் கார் வாசலில் நின்றது. டிரைவர் பின்னால் ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜட்ஜ் அதை வாங்கிக் கௌண்டரின்மேல் வைத்தார். மஜீத் தன் ஆட்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பலகைகள் இருந்த இடத்திலேயே நின்றன.

"பெருச்சாளி வந்துது" என்று ஜட்ஜ் ஆரம்பித்தார். "சாயந்தரம், வெளிச்சம் நன்னா இருக்கச்சே வந்துது. நான் ஆற்றங்கரையையே பாத்துண்டு உட்கார்ந்திருக்கேன். அது வராந்தாப் படிக்குப் பக்கத்திலே, முதல் பாத்தியிலே வந்து நிக்கறது. பத்துக் கஜம் இருக்கும். இதைத் திருப்பிப் பாத்தா உள்ளே ஒரே ரோமம். எது தலை, எது வால்னு தெரியலே. சுட்டேன். குண்டு கிழங்குல பட்டுது. அது தின்னு மிச்சம் வெச்சதை நான் தீர்த்துட்டேன்."

அத்தனை கிட்டத்தில் கண்ணாடி மங்கும், குண்டும் குறிக்குக் கீழேதான் போகும் என்று முனகினேன். நீங்கள் இருநூறு கஜம் என்றீர்களே என்றும் சொன்னேன். ஜட்ஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டில் அந்தப் பார்வைக்கு எத்தனை பேர் பயந்திருப்பார்கள் என்று தெரிந்தது. காசிம் பாய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உம்ம கேள்வியிலேயே பிழை இருக்கு ஓய். எவ்வளவு தூரம்னு கேட்டீர். தோட்டத்தோட நீளத்தைச் சொன்னேன். பெருச்சாளி எங்கே நிக்கும்னு நீர் கேக்கவே இல்லையே?"

வாய்தா

அவர் சொன்னது சரி. இத்தனை வருஷமாக எல்லோரையும் தூரம் கேட்டேன். அந்தத் தூரத்தில் வந்து நிற்பதற்கு எதிர்த்தரப்புக்குச் சம்மதமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. திகைத்து நின்றவன், எப்படி வந்தது என்று தெரியவில்லை, "அது இருநூறு கஜத்தில் நிற்கும்படி செய்தால் ரைபிளை வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். ஜட்ஜ் யோசித்து, "பெருநாள் வரைக்கும் பாக்கறேன்" என்றார். அந்தத் தேதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் விசாரித்தேன். மஜீதின் பலகைகளைப் பற்றியும் கிளப்பில் பேசிக்கொண்டார்களாம். ஆற்றங்கரை மேட்டின்கீழே தினமும் பொழுது சாய்கிறபோது மசால்வடை வைக்கும்படி சொல்லி அனுப்பினேன். கிழங்கைவிட வடை நல்லதில்லையா?

பெருநாளுக்கு முதல்நாள், என்ன ஆயிற்று என்று பார்த்துவரச் சொல்லிக் காசிம் பாய் என்னை அடையாற்றுக்கு அனுப்பினார். கையில் ஒரு பெட்டித் தோட்டா, வாடிக்கையைப் பலப்படுத்துவதற்காக. வராந்தாவில் மேசைமேல் மணல் மூட்டை, அதன்மேல் ரைபிள், அதன் பின்னால் ஜட்ஜ். உதட்டில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். ஆற்றங்கரை மேட்டடியில் ஐந்தாறு பெருச்சாளிகள். ஒன்று முன்னங்கால் இரண்டாலும் வடையைப் பிடித்து, ஓரத்தைத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. குறுக்குக் கம்பி அதன் மார்பின்மேல் நின்றது. சரியாக இருநூறு கஜம். என் கணக்கின் மறுமுனையில் உயிரோடு ஒன்று இருப்பதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது சட்டென்று கடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தது. நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

"பாத்தீரா?" என்றார் ஜட்ஜ். "தினம் இப்படித்தான். சுடலாம்னு விரலை வைப்பேன். சரியா அந்தச் சமயம் நிமிர்ந்து பாக்கும். சரி, தின்னு முடிக்கட்டும்னு விட்டுடுவேன். தினமும் வாய்தா கொடுத்துண்டே இருக்கேன். கிழங்குப் பக்கம் இப்போ ஒண்ணும் வரதில்லே." துப்பாக்கி என்ன ஆகும் என்று கேட்டேன். "அது இல்லாம எப்படி ஓய் பாக்கறது? அது இங்கேதான் இருக்கும்" என்றார். தோட்டாப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் நகர்த்தினார்.

"தோட்டா இருக்கட்டும். லஸ்ஸுப் பக்கம் மசால்வடை எந்தக் கடையிலே நன்னா இருக்கும், அதைச் சொல்லும். இப்போ வாங்கறது அதுகளுக்கு அவ்வளவாப் பிடிக்கலே."

எப்படியோ பெருச்சாளி பிழைத்தது, கடை பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஆனால் இதில் யாரை யார் எத்தனை கஜத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் என்னால் இன்னும் அளக்க முடியவில்லை.